பாயிண்ட்டில் போன ஊர்

மார்ச் 28, வெள்ளி

இன்றோடு கம்பெனிக்கும் எனக்கும் உறவு முடிந்தது. அடையாள அட்டையைக் கொடுத்தேன், லேப்டாப்பைக் கொடுத்தேன், கேக் வெட்டினார்கள், வந்துவிட்டேன். "நாப்பத்தேழு வயசுல ரிட்டயர்டா? கொடுத்து வச்சவன்யா நீ" என்று ஸ்டோர்ஸ் மாணிக்கவாசகம் முதுகில் தட்டினார். கொடுத்து வைத்ததெல்லாம் ஒன்றுமில்லை. இருபது வருடம் டிபன் பாக்ஸ், ஒரே ஸ்கூட்டர், தீபாவளிக்கு ஒரு சட்டை. அப்படிச் சேர்ந்த பணம்.

இந்த டைரியை நிவேதா அனுப்பியிருந்தாள். ஒரே மகள், திருச்சியில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். "வீட்டுல உக்காந்து அம்மாவை நச்சரிக்கறதுக்குப் பதிலா இதுல எழுதுங்கப்பா" என்று முதல் பக்கத்திலேயே குறிப்பு வேறு. யார் நச்சரிக்கிறார்கள்? கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் இந்த வீட்டில் அதற்குப் பெயர் நச்சரிப்பு.

கணக்கு இதுதான். கையில் இரண்டு கோடியே பத்து லட்சம். மாதம் அறுபதாயிரத்துக்குள் குடும்பம் நடத்தினால் எனக்குத் தொண்ணூறு வயதாகும்வரை வரும். கடன் கிடையாது. அம்பத்தூர் ஃபிளாட் சொந்தம். கம்பெனிக் காப்பீடு போய்விட்டாலும் சொந்தமாக ஒரு மருத்துவப் பாலிசி போட்டுவிட்டேன், இந்தியாவில் எந்த ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அவன் கட்டுவான்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அப்பா வேலை பார்த்த மில் ஒரு நாள் காலையில் பூட்டிக் கிடந்தது. டிபன் கேரியரோடு போனவர் டிபன் கேரியரோடு திரும்பி வந்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. அந்தச் சாப்பாட்டை நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாராவது என்னை வெளியே நிறுத்துவதற்கு முன்னால் நானே வெளியே வந்துவிட வேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் ஓடினேன்.

வந்துவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

பங்குச் சந்தை விழுந்தது. ஒரே நாளில் ஏழு லட்சத்தைக் காணோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி கோமதியும் சாப்பிடவில்லை, வாய்வு என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

காலையில் வங்கியிலிருந்து ஒரு மெயில். மே முதல் தேதியிலிருந்து என் கிரெடிட் கார்டு பாயிண்ட்டுகளுக்கு விமானக் கம்பெனியில் பாதி மதிப்புதானாம். நான்கு வருடமாகச் சேர்த்தது.

எப்படிச் சேர்த்தேன் என்று எழுதிவைக்கிறேன், நிவேதாவாவது படித்துக் கற்றுக்கொள்ளட்டும். ஆபீஸில் பத்துப் பேர் சாப்பிடப் போனால் பில்லுக்கு முதலில் நீளும் கார்டு என்னுடையதுதான். மற்றவர்கள் அவரவர் பங்கை ஜிபேயில் எனக்குப் போடுவார்கள், பாயிண்ட் எனக்கு. மச்சினன் கல்யாணத்துக்கு நகை எடுத்தபோது கடையில் நான் கார்டைத் தேய்த்தேன், மாமனார் அங்கேயே என் கணக்குக்கு அனுப்பிவிட்டார். அபார்ட்மெண்டுக்குப் புது மோட்டார், மேல்வீட்டுப் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ், எல்லாம் என் கார்டு. அசோசியேஷன் செயலாளர் என்னைக் கூப்பிடுவதே 'பாயிண்ட் சார்' என்றுதான். கிண்டல் பண்ணட்டும். வட்டி என்று ஒரு பைசா நான் வங்கிக்குக் கொடுத்ததில்லை. தேதிக்கு முன்னால் கட்டிவிடுவேன்.

ஆக, ஏப்ரலுக்குள் செலவழித்தாக வேண்டும். மதியம் முழுக்க உட்கார்ந்து தேடினேன். சென்னையிலிருந்து கோலாலம்பூர், இரண்டு பேருக்கும் போக வர பிசினஸ் கிளாஸ். காசு கொடுத்துப் போனால் இரண்டரை லட்சம். பாயிண்ட்டில் வரி மட்டும் கட்டினால் போதும். ஹோட்டலும் பாயிண்ட்டில். கூடுதல் போனஸ் கிடைக்குமே என்று கோமதி பெயரிலும் விமானக் கம்பெனியில் ஒரு கணக்கு வைத்திருந்தேன், பாயிண்ட்டை அதற்கு மாற்றி அதிலிருந்துதான் டிக்கெட் போட்டேன். மெசேஜ் எல்லாம் அவள் போனுக்குத்தான் போகும். போகட்டும்.

கடைசியில், பயணக் காப்பீடு வேண்டுமா என்று கேட்டது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. வேண்டும் என்று அவர்களே போட்டுவைத்திருந்த டிக்கை எடுத்துவிட்டேன். கார்டோடு ஐம்பதாயிரம் டாலருக்கு வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு இலவசமாக வருகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு தடவை எந்த மடையன் கொடுப்பான்?

"கோமதி, உன்னை பிசினஸ் கிளாஸ்ல மலேசியா கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

சமையலறையிலிருந்து முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். "எவ்வளவுங்க?"

"சும்மா."

சிரித்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் போன வெளியூரெல்லாம் யாராவது ஒருவர் கல்யாணத்துக்காகத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கெட்டிக்காரனைக் கட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் அப்படிச் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. நிவேதா இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறாள். லிஃப்ட் ரிப்பேர். கோயிலுக்குப் போய்விட்டு மூன்று மாடி ஏறி வந்தோம். கோமதி நடுவில் இரண்டு இடத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இது சரியில்ல. டாக்டர்ட்ட காட்டு" என்றாள் நிவேதா.

"வாய்வுடி. ஓமத் தண்ணி குடிச்சா போயிடும்."

"வாய்வுக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?" என்று என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க சொல்லுங்க."

நான் உள்ளதைச் சொன்னேன். ஜூலையில் கார்டில் இலவச மாஸ்டர் செக்கப் கூப்பன் வருகிறது, ரத்தத்திலிருந்து ஈ.சி.ஜி.வரை எல்லாம் சேர்த்து. அப்போது முழுசாகப் பார்த்துவிடலாம், இப்போது போனால் அதே டெஸ்ட்டுக்கு ஆறாயிரம் ஏழாயிரம் பிடுங்குவான். நிவேதா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோமதிதான் "ஆமாண்டி, ஜூலைல பாத்துக்கலாம். ஊருக்குப் போற நேரத்துல என்னத்துக்கு" என்று பேச்சை முடித்தாள். அவளேதான் சொன்னாள்.

மாங்காய்ப் பச்சடி நன்றாக இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

தக்காளி கிலோ பதினெட்டு. மூன்று கிலோ வாங்கினேன். தூக்கி வந்தது நான்தான், கோமதி கை வலிக்கிறது என்றாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு. விமானத்தில்

காலைப் பலகாரம் விமான நிலைய லவுஞ்சில். இரண்டு பேருக்கும் இலவசம். நான் இட்லி, பொங்கல், ஆம்லெட், பழம், காபி இரண்டு தடவை. கோமதி ஒரு இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இலவசமாகக் கிடைப்பதைக்கூடச் சாப்பிடத் தெரியாதா என்று எனக்கு எரிச்சல் வந்தது, கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். உடனே எழுந்து போய் ஒரு வடை எடுத்து வந்து, என் கண் முன்னால் முழுவதையும் சாப்பிட்டாள்.

விமானத்தில் சீட் கட்டிலாக நீள்கிறது. பொத்தானை அழுத்தி அவளைப் படுக்கவைத்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "நல்லா இருக்குங்க" என்றாள். போட்டோ எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். முகம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. விமான வெளிச்சத்தில் எல்லோருமே அப்படித்தான் தெரிகிறார்கள், நானும்தான்.

ஏப்ரல் 29, செவ்வாய். கோலாலம்பூர்

பத்துமலை போனோம். டாக்ஸிக்காரன் கேட்ட காசில் பத்துப் பேர் ரயிலில் போய் வரலாம். ரயிலடிக்குக் கொஞ்சம் நடை, வெயில் மண்டையைப் பிளந்தது. முருகன் சிலை வானத்துக்கு நிற்கிறது. படிக்கட்டு கொஞ்சநஞ்சமில்லை. கால்வாசி ஏறியதும் கோமதி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேர்ந்தே கும்பிட்டுக்கறேன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"முருகனுக்குத் தெரியும்ங்க" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

நான் மட்டும் ஏறிவிட்டு வந்தேன். கீழே வந்தபோது கைப்பிடியைப் பிடித்தபடி அதே படியில் உட்கார்ந்திருந்தாள். தாடை வலிக்கிறது என்றாள். பல்லாக இருக்கும். பல் மட்டும் எந்தப் பாலிசியிலும் வராது.

ஏப்ரல் 30, புதன். காலை

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

விடிந்ததும் வாந்தி எடுத்தாள். நைட்டி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஏ.சி. அறையில். நான் கீழே கடைக்குப் போய் வாய்வு மாத்திரை வாங்கி வந்தேன். வரும்போது இலவசக் காலை உணவு வீணாகப்போகிறதே என்று ஒரு தட்டில் இரண்டு ரொட்டியும் எடுத்து வந்தேன். வந்து பார்த்தால் கட்டில் ஓரத்தில் சுருண்டு கிடக்கிறாள்.

"ஏங்க, டாக்டர்ட்ட போலாமா?" என்றாள்.

அப்போதுதான் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவளாக வாயைத் திறந்து டாக்டர் என்று கேட்டதே இல்லை. நிவேதா பிறந்தபோதுகூட மாமியார்தான் சொல்லி அழைத்துப்போனார்கள்.

ஹோட்டலில் கார் வைத்துக் கொடுத்தார்கள். எவ்வளவு என்று கேட்கவில்லை.

மதியம்

ஹார்ட் அட்டாக்.

டாக்டர் லிம் என்று ஒரு சீனப் பெண்மணி. ஈ.சி.ஜி.யையும் ரத்தப் பரிசோதனையையும் காட்டி நிதானமாக ஆங்கிலத்தில் விளக்கினார். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறது. ஊசி போட்டு, மருந்து கொடுத்துப் பிடித்துவைத்திருக்கிறார்கள். இன்றைக்கே குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்த்து, அடைப்பு இருக்கும் இடத்தில் ஸ்டென்ட் வைக்க வேண்டும். முன்பணமாக முப்பத்தைந்தாயிரம் ரிங்கிட், மொத்தம் அறுபத்தைந்தைத் தொடலாம். மனதுக்குள் பெருக்கினேன். பதின்மூன்று லட்சத்துக்குப் பக்கம்.

பரவாயில்லை, கார்டுக் காப்பீடு இருக்கிறது என்று சென்னைக்குப் போன் போட்டேன். நெடுநேரம் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு பெண் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"சார், டிக்கெட் கட்டணத்தை முழுசா கார்டுல கட்டியிருந்தாத்தான் காப்பீடு வரும். நீங்க பாயிண்ட்ல எடுத்திருக்கீங்க சார்."

"வரி கார்டுலதானம்மா கட்டினேன்?"

"வரி கட்டணத்துல சேராது சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அந்த டிக்கை எடுத்த விரலை வெட்டிப்போடலாம் போல இருக்கிறது.

டாக்டரிடம் போனேன். விமானத்தில் ஊருக்குக் கூட்டிப்போய்விடலாமா, நாலு மணி நேரம்தானே, அங்கே இறங்கினால் எனக்குப் பாலிசி இருக்கிறது, ஒரு பைசா செலவில்லை என்றேன். கூடாது என்றார். மருந்து பிடித்துவைத்திருக்கிறது என்கிறீர்களே என்றேன். "அந்த நாலு மணி நேரத்தில் ஏதாவது ஆனால் வானத்தில் யாரிடம் போவீர்கள்?" என்று கேட்டார். இதற்கு முன்னால் யாரும் அப்படிப் போனதே இல்லையா என்று கேட்டேன். சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறேன். பதின்மூன்று லட்சம் என்றால் இரண்டு வருடச் சாப்பாடு. இதோடு போனால் பரவாயில்லை, இதற்குப் பிறகு மாத்திரை, செக்கப், இன்னொரு அட்டாக். நிவேதாவுக்கு இன்னும் படிப்பு இருக்கிறது. நான் வேலையை விட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. அப்பா டிபன் கேரியரோடு வாசலில் நின்ற மாதிரியே இருக்கிறது.

சும்மா விமானக் கம்பெனி ஆப்பைத் திறந்து பார்த்தேன். இன்றைக்கு இரவு எட்டரைக்குச் சென்னை விமானத்தில் இரண்டு இடம் இருந்தது, பாயிண்ட்டிலேயே. கட்டில் சீட். படுத்துக்கொண்டே வரலாம். திரும்பும் டிக்கெட்டை இன்றைக்கு மாற்றிவிட்டேன். ஒரு வழி கையில் இருக்கட்டும் என்றுதான். போகிறோம் என்று நான் முடிவு பண்ணவில்லை.

மாலை

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பிறகு எனக்கே குழம்பிவிடும்.

கேன்டீனிலிருந்து அவசரப் பிரிவுக்குப் போனேன். கோமதி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மார்பில் ஒயர்கள். தலைமுடியை ஒதுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே நர்ஸ்களை மிஸ்ஸி என்கிறார்கள், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுகிறார்கள். தமிழ் மிஸ்ஸி ஒருத்தி, தனலெட்சுமி என்று சட்டையில் பெயர், கோமதியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எறங்காதீங்க. சொன்னா கேளுங்கலா."

"இல்லம்மா, எனக்கு இப்பத் தேவலை. எங்க ஊர்ல போய்ப் பாத்துக்கறோம்" என்றாள் கோமதி. என்னைப் பார்த்ததும், "ஏங்க, எட்டரைக்கு ஃப்ளைட்டா? மெசேஜ் வந்துச்சு. செருப்பை எங்க வச்சீங்க?" என்றாள்.

உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை. ஆனால் முகம் சிரித்த முகம். மார்க்கெட்டிலிருந்து வந்து மீதிச் சில்லறையைக் கணக்கோடு என் கையில் வைப்பாளே, அந்த முகம்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க அண்ணே, இவங்க எறங்கக்கூடாது" என்றாள் மிஸ்ஸி.

நான் நின்றேன். செருப்பு கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. எனக்குத் தெரிந்தது.

"படு" என்றேன்.

"இல்லங்க, காசு எவ்வளவு சொல்றாங்க தெரியுமா? இந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன்..."

"படு கோமதி."

அப்போது வலி வந்தது. பேசிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. கையை நீட்டினாள், நான் பிடிப்பதற்குள் மிஸ்ஸி பிடித்துவிட்டாள். ஒயர்களை மாட்டியிருந்த பெட்டி கத்த ஆரம்பித்தது. யார் யாரோ ஓடி வந்தார்கள், என்னைத் திரைக்கு வெளியே தள்ளினார்கள். டாக்டர் லிம் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். செய்யட்டுமா? செய்யுங்கள் என்றேன். செய்யுங்கள், செய்யுங்கள் என்று அவர் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் அவளைப் படு என்று சொன்னது வலி வருவதற்கு முன்னால். முன்னால்தான். மிஸ்ஸி சாட்சி.

கவுண்ட்டரில் இரண்டு கார்டைத் தேய்த்தேன். இத்தனை பாயிண்ட் சேர்ந்தது என்று மெசேஜ் வரிசையாக வந்தது. போனை அணைத்துவிட்டேன்.

முருகா, அவளைக் கொடுத்துவிடு. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்.

மே 1, வியாழன்

பிழைத்துக்கொண்டாள்.

ஒரு குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இன்னொரு குழாயிலும் அடைப்பு இருக்கிறதாம், உடம்பு கொஞ்சம் தேறட்டும், திங்கட்கிழமை செய்கிறோம் என்கிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தூங்குகிறாள். நேற்று இந்நேரம் அவளை விமானத்துக்குக் கிளப்பியிருந்தால் என்று நினைப்பு வருகிறது. வந்ததும் எழுந்து நடக்கிறேன். வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போவதற்குள் திரும்பவும் வந்துவிடுகிறது.

நிவேதாவுக்குச் சொல்லிவிட்டேன். சொன்னதும் அழவில்லை, "நான் வரேன்" என்றாள். முழு விலை கொடுத்து டிக்கெட் போட்டேன். எவ்வளவு என்று பார்க்காமல் போட்டேன்.

டிக்கெட் மாற்றிய விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மே 2, வெள்ளி

நிவேதா வந்துவிட்டாள். விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்க இடமில்லாத மாதிரி இருந்தது.

அப்புறம் கேட்டாள். "காலையிலேயே வந்துட்டீங்க. சாயங்காலம்தான் உள்ள கொண்டுபோயிருக்காங்க. ஏன்ப்பா?"

"டாக்டர் வர லேட்டாயிடுச்சு" என்றேன்.

கோமதி கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நிவேதா, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

மே 3, சனி

மாணிக்கவாசகத்துக்கு மெசேஜ் அனுப்பினேன், கம்பெனியில் பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறதா என்று. ஆள் எடுத்துவிட்டார்கள், வேறு எங்காவது விசாரிக்கிறேன் என்று பதில் போட்டார். ஆச்சரியமாக, அது அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. திங்கட்கிழமைதான் பயமுறுத்துகிறது. மறுபடியும் அந்தக் கதவுக்குள் கொண்டுபோவார்கள்.

கோமதி கஞ்சி குடித்தாள். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். "நீங்க சாப்பிட்டீங்களா, துணி துவைக்க என்ன பண்றீங்க" என்கிறாள். நானும் பதில் சொல்கிறேன். அந்த மெசேஜைப் பற்றி அவள் பேசுவாள் என்று ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும்போது எதிர்பார்க்கிறேன். பேசவில்லை. திட்டினாலாவது நான் ஏதாவது சொல்லலாம்.

மே 4, ஞாயிறு

இன்று நானே ஆரம்பித்தேன். நிவேதா குளிக்க ஹோட்டலுக்குப் போயிருந்தாள்.

"அந்த டிக்கெட்டு... சும்மாதான் மாத்தி வச்சேன் கோமதி. போறதுக்கு இல்ல."

"தெரியும்ங்க" என்றாள். "விடுங்க."

"நான் உன்னைப் படுன்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க."

போர்வையை இழுத்துவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அவளே விடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

மே 5, திங்கள்

இரண்டாவது குழாயும் நல்லபடியாக முடிந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆபத்தில்லை என்று டாக்டர் லிம் என் கையைப் பிடித்துச் சொன்னார். பத்து நாள் கழித்து ஊருக்குப் போகலாமாம். நான் அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்து அழுதேன். நிவேதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இனி எழுத வேண்டியது காலையில் நடந்தது.

உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் மிஸ்ஸி தனலெட்சுமி வந்தாள். கோமதி கட்டிலில் பச்சை அங்கியில் இருந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேன். நிவேதா கீழே டீ வாங்கப் போயிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், பயப்படாதீங்க. நீங்க மயக்கத்துல இருக்கறப்ப ஏதாவது அவசரமா செய்யணும்னா யார்கிட்ட கேக்கணும்?" என்றாள். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, எழுதுவதற்குத் தயாராக, "அண்ணே, ஒங்க பேரு?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"என் பொண்ணு பேரை எழுதிக்கோம்மா. நிவேதா" என்றாள் கோமதி.

மிஸ்ஸி பேனாவை நிறுத்தினாள். "அண்ணன்தான் இங்க இருக்காரே அக்கா."

"அவர் யோசிப்பாரும்மா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சர்க்கரை போடாத காபிதான் பிடிக்கும் என்று விருந்தாளி வீட்டில் சொல்வாளே, அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, எனக்கு வருத்தமாக இருக்கப்போகிறதே என்று என் முழங்கையைத் தொட்டாள். அவள் விரல் சில்லென்று இருந்தது.

மிஸ்ஸி என்னைப் பார்க்காமல் நிவேதாவின் பெயரை எழுதினாள். "அவங்க போன் நம்பர்?"

கோமதிக்கு யாருடைய எண்ணும் மனப்பாடம் கிடையாது. என் பக்கம் திரும்பினாள்.

நான் சொன்னேன். மிஸ்ஸி ஒவ்வொன்றாக எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். சரியாக எழுதியிருக்கிறாளா என்று ஒருமுறை வாங்கியும் பார்த்தேன்.